கள்ளுக்கடை முதல் கலர்த் தண்ணீர் வரை

 

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய அரசர்களின் போர்களைப் படித்தால் மட்டும் போதாது. அந்தச் சமுதாயம் எதை உண்டது, எதைக் குடித்தது, அதை யார் விற்றார்கள், அதனால் யார் வாழ்ந்தார்கள், யார் வீழ்ந்தார்கள் என்பதையும் படிக்க வேண்டும். நம் தோட்டப்புற வாழ்க்கையில் மூன்று பானங்களுக்கு இடம் உண்டு. முதலாவது கள். இரண்டாவது சம்சு. மூன்றாவது, பிள்ளைகள் கையில் நாம் மகிழ்ச்சியோடு கொடுக்கும் கலர்த் தண்ணீர். இந்த மூன்றும் நம்மிடம் எப்படி வந்தன, நம் வயிற்றுக்கும் குடலுக்கும் இவை என்ன செய்கின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் கள்ளின் கதையைப் பார்ப்போம்.

ஜோகூர் மாநிலத்தில் ஒரு காலத்தில் மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. 1909-ஆம் ஆண்டு ஜோகூர் பாரு வரையில் ரயில் பாதை போடப்பட்டது. சிகாமாட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று பாதை சென்ற வழியெல்லாம் காடு அழிந்து ரப்பர் மரம் நின்றது. அந்த மரத்தில் பால் வெட்டத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர்கள் வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் திரட்டி வந்தார்கள்.

வந்தவர்களில் பலர் இளைஞர்கள், தனி ஆட்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு மரத்தடிக்குப் போய், பால் வாளி சுமந்து, மாலையில் லயத்துக்குத் திரும்பினால், அங்கே பேச உறவு இல்லை. பார்க்கக் கூத்து இல்லை. பட்டணம் பல மைல் தொலைவு. ஆனால் கள்ளுக்கடை மட்டும் பக்கத்திலேயே இருந்தது. கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, மளிகைக் கடை ஆகியவற்றோடு கள்ளுக்கடையும் தோட்டத்தின் ஓர் அங்கமாக வைக்கப்பட்டது. பல தோட்டங்களில் கள் இறக்குவதற்கென்றே தென்னை நட்டார்கள்.

இதை நன்றாகக் கவனியுங்கள். அந்தக் கடை தொழிலாளி தானாகத் திறந்த கடை அல்ல. அரசாங்கம் உரிமம் கொடுத்தது. தோட்ட நிர்வாகம் நடத்தியது. அரசாங்கத்துக்கு வரி வந்தது. நிர்வாகத்துக்கோ, ஆள் வெளியே போகாமல் தோட்டத்துக்குள்ளேயே இருந்தான். வாங்கிய கூலியில் ஒரு பகுதியைத் தோட்டத்துக்குள்ளேயே செலவழித்தான். கடையின் இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிடுகிறோம் என்று சொன்னார்கள். தொழிலாளியின் பணத்தை எடுத்துத் தொழிலாளிக்கே விளையாட்டுத் திடல் போட்டுக் கொடுத்த புண்ணியம் அது!

கள்ளை மூடினால் அவன் கள்ளச் சாராயத்துக்குப் போவான் என்பது அதிகாரிகளின் வாதம். கள்ளில் சத்து இருக்கிறது என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. சம்சு கள்ளைவிடக் கொடியது என்பது உண்மை. புளித்த கள்ளில் உயிர்ச்சத்து இருப்பதும் உண்மை. ஆனால் அந்தச் சத்து முருங்கைக் கீரையிலும் பருப்பிலும் கிடைக்கும். 1920-களின் பிற்பகுதியில் நல்ல வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது அந்தக் கூலியையும் குறைத்தார்கள். அந்தக் காசில் ஒரு பகுதி கள்ளுக்கடைக்குப் போனால் வீட்டில் அரிசி என்ன ஆகும்? இதைக் கணக்கிடப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. அடுப்படியில் நின்ற பெண்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

நேயர்களே, நம் மக்கள் இதைப் பேசாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கள்ளை எதிர்ப்பது தமிழனுக்குப் புதிதன்று. திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். 1921-ஆம் ஆண்டு பெரியார் ஈ.வெ.ரா. கள் ஒழிப்புக்காகத் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டச் செய்தார். 1937 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. இந்தச் செய்திகள் கப்பலேறி இங்கும் வந்தன. 1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியாரே மலாயாவுக்கு வந்தார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீர்திருத்தச் சங்கங்கள் தோன்றின.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்றார்கள். அன்றைய கோரிக்கைகளைப் படித்தால் மனம் நெகிழும். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி கேட்டார்கள். பெண் தொழிலாளர்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுக்கச் சொன்னார்கள். அவற்றோடு, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். பட்டினி கிடந்து கேட்ட கூலியோடு, கள்ளுக்கடையை மூடுவதையும் ஒரே மூச்சில் கேட்டார்கள் என்றால், அது அவர்களுக்கு எத்தனை பெரிய பிரச்சினையாக இருந்திருக்க வேண்டும்! பட்டாளம் வந்தது, துப்பாக்கி சுட்டது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போர் முடிந்த பிறகு கெடாவில் மற்றோர் எழுச்சி. பீடோங் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படையை வளர்த்தார். இளைஞர்கள் அணிவகுத்தார்கள், கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள், குடித்தவர்களைத் தடுத்தார்கள். 1947-ஆம் ஆண்டின் முற்பகுதியில் இவர்களுக்கும் போலீசுக்கும் மோதல் ஏற்பட்டது. பலர் சிறை சென்றார்கள். உயிர்ச் சேதமும் நேர்ந்தது. ஒரு குவளைக் கள்ளை எதிர்த்துச் சிறை சென்றவர்கள் நம் இனத்தில் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

அவர்கள் எதற்காக எதிர்த்தார்கள்? கூலி வீணாகிறது, குடும்பம் சிதைகிறது, மானம் போகிறது என்பதற்காக. அது போதுமான காரணம்தான். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது. அன்றைய தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸ்ஸருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் காரணம் புற்றுநோய்.

இப்போது கடல் கடந்து பிரான்ஸ் நாட்டுக்குப் போவோம். ஏனென்றால் இந்த ஆராய்ச்சியின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

1910-ஆம் ஆண்டு பாரிஸ் நகர மருத்துவர் லாமி என்பவர், உணவுக்குழாயில் புற்று வந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் கடுமையான குடிகாரர்களாக இருப்பதைக் கண்டு எழுதினார். உணவுக்குழாய் என்பது தொண்டையிலிருந்து இரைப்பைக்குச் சோறு இறங்கும் பாதை. மருத்துவ உலகம் அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1977-இல், பிரான்சின் பிரிட்டனி பகுதியில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. மிகுதியாகக் குடித்து, மிகுதியாகப் புகைத்தவர்களை, இரண்டையும் மிகக் குறைவாகச் செய்தவர்களோடு ஒப்பிட்டார்கள். முன்னவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்று வரும் வாய்ப்பு நாற்பது மடங்குக்கும் மேல் இருந்தது. மதுவும் புகையும் தனித்தனியே தீயவை. ஒன்று சேர்ந்தால் ஒன்றை ஒன்று பெருக்குகின்றன. கூட்டல் கணக்கு அன்று, பெருக்கல் கணக்கு.

1988-ஆம் ஆண்டு, உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மதுபானம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக அறிவித்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல் ஆகிய உறுப்புகளை அன்று குறிப்பிட்டார்கள். 2007-இல் பெருங்குடலும் மலக்குடலும், பெண்களின் மார்பகமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறக்குறைய 7 இலட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மதுவே காரணம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். நூற்றுக்கு நான்கு பேர்.

மது எப்படிப் புற்றை உண்டாக்குகிறது? பால் வெட்டியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். உளி பட்டையில் அளவாக இறங்கினால் பால் வரும். புதுப்பட்டை வழுவழுப்பாக வளரும். உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் என்ன ஆகும்? அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிறகு அங்கே உளி ஓடாது. ஒரு காயம் என்றால் மரம் தாங்கும். அதே இடத்தில் நாள்தோறும் காயம் பட்டால்?

நம் உடம்பிலும் அப்படித்தான். குடித்த சாராயத்தை உடல் அசெட்டால்டிஹைடு என்னும் நஞ்சாக மாற்றுகிறது. பெரும் பகுதி கல்லீரலில் மாறுகிறது. ஒரு பகுதி வாயிலேயே, எச்சிலிலுள்ள கிருமிகளால் மாறுகிறது. பிறகு அந்த நஞ்சை உடல் மெல்ல மெல்லத் தீங்கற்ற பொருளாக்குகிறது. ஆனால் அதற்குள் அது வாயின் தோலையும் உணவுக்குழாயின் தோலையும் கல்லீரலையும் புண்படுத்திவிடுகிறது. நம் உடம்பின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும், அது எப்படி வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று எழுதிவைத்த ஓலை போன்ற ஒன்று இருக்கிறது. அந்த எழுத்தையே இந்த நஞ்சு அழிக்கிறது. எழுத்து அழிந்த நுண்ணறை நிற்கத் தெரியாமல் வளர்கிறது. அதுவே புற்று.

ஆண்டுக்கணக்கில் மிகுதியாகக் குடிப்பவரின் கல்லீரல் தழும்பேறி, இறுகிச் சுருங்குகிறது. இதை மருத்துவர் சிரோசிஸ் என்பார்கள். அந்தத் தழும்பில்தான் கல்லீரல் புற்று பெரும்பாலும் முளைக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். "சார், நான் சம்சு தொடுவதில்லை, பீர் மட்டும்தான்" என்பார் ஒருவர். "கள் இயற்கையானது அல்லவா?" என்பார் இன்னொருவர். பிள்ளை பெற்ற தாய்க்கு உடம்பு தேறப் பிராந்தி கொடுக்கும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயம் உள்ள கள் அல்லது பீர் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள தூய சாராயம் 25 மில்லி. நூற்றுக்கு நாற்பது பங்கு உள்ள கடும் மது எவ்வளவு குடித்தால் அதே 25 மில்லி சேரும்? ஏறக்குறைய 62 மில்லி. ஒரு சிறு தேநீர்க் குவளை அளவுகூட இல்லை. கல்லீரலுக்குப் பெயர்ச் சீட்டு படிக்கத் தெரியாது. உள்ளே வந்த சாராயம் எவ்வளவு என்பது மட்டுமே அதற்குத் தெரியும். புற்றுநோயைப் பொறுத்தவரையில் ஆபத்தற்ற அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்று 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. குறைவாகக் குடித்தால் ஆபத்து குறைவு. ஆபத்தே இல்லை என்பதில்லை.

"எங்கள் தாத்தா எண்பது வயது வரை கள் குடித்தார், நன்றாகத்தான் இருந்தார்" என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கலாம். குடித்தவர் எல்லாருக்கும் புற்று வருவதில்லை. மழையில் ஈரமான மலைச்சரிவில் வாளியோடு ஓடியவர் எல்லாரும் வழுக்கி விழுவதில்லை. அதற்காக ஓடுவதே பாதுகாப்பு என்று பிள்ளைக்குச் சொல்லித் தருவோமா? பிழைத்த தாத்தாவைப் பற்றிப் பேச அவர் இருந்தார். ஐம்பது வயதில் சோறு இறங்காமல் மெலிந்து போனவரை, "வயிற்றுக் கோளாறு" என்று சொல்லி நாம் மறந்துவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வெற்றிலை பாக்கு. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணம். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்குத் தாம்பூலமும் காரணமே என்று 2004-இல் வெளிவந்த அறிக்கையில் அதே ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே வாய்ப்புற்று அதிகம். மதுவும் வெற்றிலையும் சேர்ந்த வாய்க்கு இரட்டை ஆபத்து.

காலம் மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் மாசாய், ஸ்கூடாய், உலுத்திராம் பக்கங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டக் கள்ளுக்கடைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆனால் கள் போன இடத்தில் சம்சு வந்து உட்கார்ந்தது. சிறு போத்தல், மலிந்த விலை, கடுமையான மது. மூலிகை, சீரகம், உடம்புக்கு வலு என்றெல்லாம் கவர்ச்சியான பெயர்கள். சட்டத்துக்குப் புறம்பாகக் காய்ச்சியதும் போலியாக அடைத்ததும் இன்னும் கொடியவை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2020 ஜூன் மாதம் நம் ஜோகூரிலும் அத்தகைய மரணங்கள் நேர்ந்தன. 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் கடையின் வாசலில் நிற்கும். வீட்டின் வாசலில் நாம்தான் நிற்க வேண்டும்.

இனி மூன்றாவது பானத்துக்கு வருவோம். மதுவை வெறுக்கும் வீடுகளிலும் இதற்கு இடம் உண்டு.

1883-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஜான் ஃபிரேசர், டேவிட் நீவ் என்ற இருவர் சோடாத் தண்ணீர் செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். அதுவே ஃபிரேசர் அண்டு நீவ் என்று பெயர் பெற்றது. 1936-இல் அவர்கள் கொக்கோ கோலாவைப் போத்தலில் அடைக்கும் உரிமையையும் பெற்றார்கள். தொடக்கத்தில் அது துரைமாரின் பானம். பிறகு பட்டணத்துக்கும், அதன்பின் தோட்டத்துக்கும் வந்தது. தீபாவளி, பொங்கல், கல்யாணம், கோயில் திருவிழா என்றால் ஆரஞ்சு, சார்சி, ஸ்ட்ராபெரி என்று கலர் போத்தல்கள் வரிசையாக நிற்கும். ஆண்டுக்கு நான்கு நாள் குடித்தபோது அது பண்டிகைப் பானம். இன்று அது ஒன்றரை லிட்டர் போத்தலாகக் குளிர்பதனப் பெட்டியில் நாள்தோறும் நிற்கிறது. சோற்றுக்கும் அதுதான், தாகத்துக்கும் அதுதான்.

இந்தக் கலர்த் தண்ணீர் புற்றுநோயை உண்டாக்குமா? இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுவதால், நடந்ததைச் சொல்கிறேன்.

2004-ஆம் ஆண்டு பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 1946-இல் ஒருவர் ஆண்டுக்குக் குடித்த சோடாப் பானம் சுமார் 41 லிட்டர். 2000-ஆம் ஆண்டில் அது சுமார் 186 லிட்டர். அதே காலத்தில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் வரும் ஒரு வகைப் புற்றும் அங்கே வேகமாகப் பெருகியது. சோடாப் பானம் வயிற்றைப் புடைக்கச் செய்து, புளிநீரை மேலே தள்ளுகிறது. ஆகவே இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். உலகப் பத்திரிகைகள் இதைப் பெரிதாக வெளியிட்டன.

ஆனால் அறிவியல் அங்கே நிற்கவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடமும், நோயற்ற பலரிடமும், என்ன குடித்தீர்கள் என்று விசாரித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. சோடாப் பானம் குடித்தவர்களுக்கு அந்தப் புற்று அதிகமாக வரவில்லை. சுவீடன் நாட்டு ஆய்வும் அப்படியே சொன்னது. பம்பாய் மருத்துவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் ஒரு சந்தேகத்தை எழுப்பினார்கள்; மற்றவர்கள் அதைச் சோதித்தார்கள். இரண்டு பொருள்கள் ஒரே காலத்தில் பெருகினால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. சேவல் கூவுகிறது, பொழுது விடிகிறது. சேவலா பொழுதை விடிய வைத்தது? மாணவர்களே, இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது "இதைக் குடித்தால் கேன்சர்" என்று சொன்னால், "யாரை விசாரித்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள்?" என்று கேளுங்கள்.

அப்படியானால் கலர்த் தண்ணீர் குற்றமற்றதா? அதுவும் இல்லை. குற்றம் காற்றில் இல்லை, சீனியில் இருக்கிறது. சீனி குறைக்காத பானத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சீனி. ஒரு டின் குடித்தால் ஏழு தேக்கரண்டிச் சீனி வயிற்றுக்குள் போகிறது. ஒரு பிள்ளையின் தேநீரில் ஏழு தேக்கரண்டி போட்டால் தாய் கையைப் பிடிப்பாள். டின்னில் வந்தால் பிடிப்பதில்லை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராம் சீனிக்குள் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு டின்னிலேயே அது தாண்டிவிடுகிறது. இந்தச் சீனி நாளடைவில் உடற்பருமனாகிறது. நீரிழிவுக்கும் வழி செய்கிறது. மலேசியாவில் நீரிழிவு இந்தியரிடையே மற்றவர்களைவிட அதிகம். பருமன் உணவுக்குழாய், இரைப்பையின் மேற்பகுதி, கல்லீரல், கணையம், பெருங்குடல் உட்படப் பதின்மூன்று இடங்களில் புற்றுக்கு வழி செய்கிறது என்று 2016-இல் முடிவு செய்தார்கள். அமெரிக்கத் தாதியரிடையே நடந்த நீண்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ இனிப்புப் பானம் குடித்த பெண்களுக்கு, ஐம்பது வயதுக்குள் பெருங்குடற் புற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று அது சொன்னது. நோயுற்றவர்களின் எண்ணிக்கை அந்த ஆய்வில் சிறியது. ஆகவே உறுதி சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும். ஆனால் எச்சரிக்கையாக இருக்க இது போதும்.

ஆக, மது நேரே வந்து தாக்கும் எதிரி. கலர்த் தண்ணீர் சுற்றுவழியில் வரும் எதிரி. இரண்டையும் ஒன்றென்று சொல்வதும் தவறு. இரண்டாவதை நண்பன் என்று நினைப்பதும் தவறு.

மலேசிய அரசாங்கம் 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. 2024-இல் அது 50 காசு ஆனது. 2025 ஜனவரியில் 90 காசு ஆனது. இதன் நோக்கம் ஆலைக்காரர் சீனியைக் குறைக்க வேண்டும் என்பது. ஆனால் வீட்டில் நாமே கலக்கும் சிராப்புக்கும், கெட்டிப்பால் ஊற்றிய தேநீருக்கும் வரி இல்லை. அங்கே அளவு போட வேண்டியது நம் கைதான். தேநீரைப் பற்றி ஒரு சொல்: கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பானம் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக் கூடும் என்று 2016-இல் அறிவித்தார்கள். சற்று ஆறவிட்டால் போதும்.

இனி என்ன செய்யலாம்?

முதலாவது, குடியை விடுவதால் பயன் உண்டு. மதுவைக் குறைத்தால் அல்லது நிறுத்தினால் வாய்ப்புற்றும் உணவுக்குழாய்ப் புற்றும் வரும் வாய்ப்புக் குறைகிறது என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக 2023-இல் ஆய்வு நிறுவனம் கூறியிருக்கிறது. "இத்தனை காலம் குடித்தாயிற்று, இனி விட்டு என்ன?" என்பது தவறான கணக்கு. ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சில வேளை உயிருக்கே ஆபத்து. அத்தகையவரை வீட்டில் கட்டிப்போட்டு நிறுத்தாதீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது, அடையாளங்களை அறிந்துகொள்ளுங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, சோறு இறங்காமல் நெஞ்சில் அடைப்பது, காரணமின்றி உடல் மெலிவது, மலத்தில் இரத்தம், மலம் கழியும் வழக்கம் மாறி நீடிப்பது, கண் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று கண்டாலும் கைமருந்து பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். எல்லாம் புற்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பார்த்தால்தான் தெரியும். ஐம்பது வயது கடந்தவர்களுக்கு மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உண்டு. வெட்கப்படாமல் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மேற்சிகிச்சைக்கு ஜோகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது.

மூன்றாவது, பிள்ளைகளின் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். வெயில் நாளில் மோர், இளநீர், உப்பும் எலுமிச்சையும் கலந்த நீர் எல்லாம் நம் வீட்டுப் பழக்கங்களே. கலர்த் தண்ணீர் பண்டிகைக்கு வரட்டும். பண்டிகை முடிந்ததும் போகட்டும்.

நேயர்களே, அன்று கள்ளுக்கடையை நம் வாசலில் வைத்தவர்கள் வேறு ஆட்கள். அதை மூடச் சொல்லி நம் முன்னோர்கள் கூலியை இழந்தார்கள்; சிறைக்குப் போனார்கள்; உயிரையும் கொடுத்தார்கள். இன்று நம்மைக் குடிக்கச் சொல்லி எந்தத் துரையும் கட்டாயப்படுத்தவில்லை. கடைக்குப் போவதும் நம் கால், காசு கொடுப்பதும் நம் கை. அவர்களுக்கு இல்லாத அறிவும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த அறிவை இன்று இரவு சாப்பிட உட்காரும்போது வீட்டில் எல்லாரோடும் பேசுங்கள். குடிக்கும் தந்தையைத் திட்டுவதற்காகப் பேசாதீர்கள். அவர் நெடுநாள் நம்மோடு இருக்க வேண்டும் என்பதற்காகப் பேசுங்கள்.